முதல் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி: விளம்பரம் படிப்பதிலிருந்து ஆஃபர் கடிதம் வரை

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் பலர் முதலில் செய்வது, அடிக்கடி கேட்கப்படும் ஐம்பது கேள்விகளைத் தேடி எடுத்து அவற்றின் பதில்களை மனப்பாடம் செய்வது. உழைப்பு நிறைய, பலன் கொஞ்சம். அந்தப் பட்டியலைத் தயாரித்தவருக்கு உங்களையும் தெரியாது, நீங்கள் போகவிருக்கும் வேலையையும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான்: இந்த வேலையை இவர் ஒழுங்காகச் செய்வார் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த ஆதாரங்களை உங்கள் படிப்பிலும் வேலையிலும் தேடி எடுத்து, இரண்டே நிமிடத்தில் சொல்லக்கூடிய அளவுக்குச் செதுக்கி வைப்பதுதான் தயாரிப்பு. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஒரு வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது, நான்கு சம்பவங்களைத் தயார் செய்வது, அறிமுகப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது ஆகிய மூன்றை மட்டும் செய்யுங்கள்.

விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

முதல் வேலையாக விளம்பரத்தின் முழு வாசகத்தையும் உங்களிடம் சேமித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத் தேதி முடிந்ததும் பல நிறுவனங்கள் அதை இணையத்திலிருந்து எடுத்துவிடும். அழைப்பு அதற்குப் பிறகுதான் வரும். கையில் பிரதி இல்லாதவர் எந்த வேலைக்கு விண்ணப்பித்தோம் என்பதையே பாதி மறந்த நிலையில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதியும் பொறுப்பும், ஒரு வரிக்கு ஒன்றாக. இரண்டாவதில், அதை நீங்கள் செய்ததற்கான ஆதாரம்: எங்கே, எப்போது, என்ன விளைவு. மூன்றாவதில், அதை அவர்கள் எந்தக் கேள்வியாகக் கேட்பார்கள் என்ற உங்கள் ஊகம். 'வாடிக்கையாளர் புகார்களைக் குறித்த நேரத்துக்குள் தீர்த்தல்' என்று விளம்பரத்தில் இருந்தால், கோபமாக வந்த ஒரு வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். 'பல துறைகளுடன் இணைந்து பணியாற்றுதல்' என்றிருந்தால், கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

விளம்பரத்தில் இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல்லை வட்டமிடுங்கள். முதல் மூன்று பொறுப்புகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். எழுதுபவர் தமக்கு முக்கியமானதைத்தான் பெரும்பாலும் முதலில் எழுதுவார். இரண்டாவது பத்தி காலியாக நிற்கும் வரிகளை மறைக்கப் பார்க்காதீர்கள். அந்தத் தகுதி இல்லை என்றால், அதற்கு மிக அருகில் உள்ள எதைச் செய்திருக்கிறீர்கள், மீதியை எப்படிக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள். உங்களைத் தடுமாற வைக்கும் கேள்வி பெரும்பாலும் அந்தக் காலி வரியிலிருந்துதான் வரும்.

மதிப்பெண் எப்படி விழுகிறது

ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களில் எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாளில் மதிப்பெண் போடுவார்கள். இதைக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்பார்கள். போகிற போக்கில் பேசிப் பார்த்து ஆளை எடைபோடுவதைவிட, யார் வேலையில் நன்றாகச் செய்வார் என்பதை இது சரியாகக் கணிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதையே சொன்னது. அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்த சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில் ஆளெடுப்பு முறைகளிலேயே முதலிடம் இதற்குத்தான்.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? கேட்பவர் குறிப்பெடுக்கிறார். உங்கள் பதிலில் எழுதத் தகுந்த ஏதாவது இருந்தால்தான் அந்தக் கட்டத்தில் எண் விழும். 'நான் பொறுப்பாக வேலை செய்பவன்' என்றால் அவர் எழுத ஒன்றும் இல்லை. 'கணக்கு முடிக்க ஐந்து நாள் ஆனதை மூன்று நாளாகக் குறைத்தேன், இப்படித்தான் குறைத்தேன்' என்றால் எழுத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நடந்ததைக் கேட்பது: 'குறித்த நாளுக்குள் முடிக்க முடியாமல் போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.' மற்றது, நடக்கக்கூடியதைக் கேட்பது: 'இரண்டு மேலதிகாரிகள் ஒரே நாளில் இரண்டு அவசர வேலை கொடுத்தால் என்ன செய்வீர்கள்?' முதல் வகைக்கு உண்மையில் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். 'பொதுவாக நான் இப்படிச் செய்வேன்' என்று ஆரம்பித்தால் மதிப்பெண் அங்கேயே போய்விடும். இரண்டாவது வகையில், முதலில் எதை விசாரிப்பீர்கள், எதை வைத்து முடிவெடுப்பீர்கள், யாருக்குத் தகவல் சொல்வீர்கள் என்ற வரிசை வேண்டும். முடிந்தால் கடைசியில், 'இதைப் போல ஒன்று நடந்தது' என்று உங்கள் அனுபவத்தை ஒட்டவையுங்கள்.

ஆறு முதல் எட்டு சம்பவங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். ஐம்பது பதில்கள் வேண்டாம். ஆறிலிருந்து எட்டு சம்பவங்கள் போதும். நன்றாகத் தயார் செய்த ஒரே சம்பவம், கோணத்தை மாற்றிச் சொன்னால் மூன்று நான்கு கேள்விகளுக்குப் பதிலாகும். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவமாவது இருக்கிறதா என்று பாருங்கள்:

- நீங்கள் முடித்த, பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரு வேலை
- தவறாகப் போய், பிறகு நீங்கள் சரிசெய்த ஒன்று
- உடன் வேலை செய்தவருடன் வந்த கருத்து வேறுபாடு
- மிகக் குறைந்த நேரத்தில் அல்லது குறைந்த வசதியில் முடித்தது
- தெரியாத ஒன்றை வேகமாகக் கற்றுக்கொண்டு பயன்படுத்தியது
- யாரும் சொல்லாமல் நீங்களாகவே தொடங்கியது

வேலை அனுபவமே இல்லாதவர்கள் இந்த இடத்தில் மனம் தளர வேண்டாம். கல்லூரி புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி, விழா ஏற்பாடு, குடும்பத் தொழிலில் பார்த்த கணக்குவழக்கு எல்லாம் செல்லும். புதியவரிடம் பெரிய சாதனையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பொறுப்பை எடுத்து முடித்தாரா, முடித்ததை விளக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு சம்பவத்தையும் நான்கு துண்டாக எழுதுங்கள்: சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. சூழ்நிலைக்கு இரண்டு வாக்கியம், பொறுப்புக்கு ஒன்று, விளைவுக்கு இரண்டு. மீதி முழுவதும், அதாவது பாதிக்கும் மேல், நீங்கள் செய்ததற்கு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னணியை விளக்கியே ஒன்றரை நிமிடம் போய்விடும், 'அப்புறம் எப்படியோ முடித்துவிட்டோம்' என்று பதில் தேய்ந்து நிற்கும்.

ஒரே சம்பவம் இரண்டு விதமாக எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். முதலில் இப்படி:

'எங்கள் கிடங்கில் சரக்கு இருப்பு எப்போதும் சரியாக இருக்காது. நிறைய பிரச்சினை வந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து உழைத்து அதைச் சரிசெய்தோம். மேனேஜர் பாராட்டினார்.'

இனி இப்படி:

'கிடங்கில் கணினி காட்டும் இருப்பும் அலமாரியில் இருப்பதும் ஒவ்வொரு மாதமும் ஒத்துப்போகவில்லை. மாத முடிவு எண்ணிக்கை என் பொறுப்பு. எங்கே பிசகுகிறது என்று பார்க்க, அதிகம் நகரும் 40 பொருட்களை மட்டும் எடுத்து இரண்டு வாரம் தினமும் எண்ணினேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சரக்கை அலமாரியில் வைத்துவிட்டு, பதிவை மறுநாள் போடுவதுதான் காரணம் என்று தெரிந்தது. திருப்பி வரும் சரக்குக்குத் தனி அலமாரி ஒதுக்கி, பதிவு போட்ட பிறகுதான் அங்கிருந்து எடுக்கலாம் என்று ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். முதலில் கிடங்குப் பணியாளர்கள் கூடுதல் வேலை என்றார்கள். அவர்களோடு ஒரு வாரம் நானே நின்று செய்து காட்டினேன். மூன்றாவது மாதத்தில் அந்த 40 பொருட்களில் வித்தியாசம் வந்தது இரண்டில் மட்டும்.'

இரண்டாவதில் பெரிய வீரச்செயல் ஒன்றுமில்லை. ஆனால் எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, தடை இருக்கிறது, அதை நீக்கிய விதம் இருக்கிறது. முக்கியமாக, 'நான்' இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு 'நாங்கள் செய்தோம்' என்பது அடக்கத்தால் வருகிற பழக்கம். வெளியில் அது அழகு. நேர்காணலில், உங்கள் பங்கு எது என்று கேட்பவரால் பிரிக்க முடியாது, குழுவுக்குத்தான் மதிப்பெண் போகும். குழு வேலை என்றால், 'நாங்கள் நான்கு பேர், அதில் என் பகுதி இது' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் 'நான்' என்றே தொடருங்கள். அது தற்பெருமை ஆகாது.

விளைவுக்கு எண் கிடைக்கவில்லையா? எவ்வளவு நேரம் மிச்சமானது, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எத்தனை முறை திரும்ப நடந்தது என்று யோசியுங்கள். எதுவுமே இல்லையென்றால் 'இன்றும் அதே முறையைத்தான் அங்கே பின்பற்றுகிறார்கள்' என்பதும் ஒரு விளைவு. எண்ணை மட்டும் கற்பனை செய்யாதீர்கள். 'அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்பது அனுபவமுள்ளவர் கேட்கும் அடுத்த கேள்வி.

தவறைப் பற்றிய சம்பவத்துக்கு ஒரு எச்சரிக்கை. உண்மையில் உங்கள் தவறாக இருக்க வேண்டும், வேறொருவரின் தவறை நீங்கள் பொறுத்துக்கொண்ட கதையாக இருக்கக் கூடாது. யாருக்கு எப்போது சொன்னீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள், மறுபடி வராமலிருக்க எதை மாற்றினீர்கள் என்ற மூன்றும் அதில் வர வேண்டும்.

ரெஸ்யூமில் இருப்பதெல்லாம் உங்கள் வாயில் இருக்க வேண்டும்

நீங்கள் அனுப்பிய அதே பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் போங்கள். எந்த வரியைச் சுட்டிக்காட்டினாலும் இரண்டு நிமிடம் பேச முடியுமா? முடியாத வரி ஆபத்து. நான்கு ஆண்டுக்கு முன் ஒரு வாரம் தொட்டுப்பார்த்த மென்பொருளைத் 'தேர்ச்சி' என்று போட்டிருந்தால், தொழில்நுட்பச் சுற்றில் முதல் கேள்வி அதிலிருந்தே வரலாம். அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் கேட்டால் 'அடிப்படை அளவில் தெரியும், இந்த ஒரு வேலைக்குப் பயன்படுத்தினேன்' என்று நேர்மையாகச் சொல்லத் தயாராகலாம். தேதிகளையும் பதவிப் பெயர்களையும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் மாறியிருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், பின்னணிச் சரிபார்ப்பின்போது அதுவே பெரிதாகும்.

நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது

ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் போதும். நிறுவனர் பிறந்த ஆண்டு, கிளைகளின் எண்ணிக்கை போன்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு கேள்விகளுக்கு உங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தால் சரி: இந்த நிறுவனத்துக்குப் பணம் எதிலிருந்து வருகிறது? வாடிக்கையாளர் யார்? கடந்த ஓராண்டில் என்ன புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள்? நான் போகும் பணி இதில் எந்த இடத்தில் பொருந்துகிறது? இணையதளம், ஆண்டறிக்கை இருந்தால் அதன் முதல் சில பக்கங்கள், சமீபத்திய செய்திகள் ஆகியவற்றில் இவை கிடைக்கும். அவர்களுடைய பொருளையோ செயலியையோ நீங்களே பயன்படுத்திப் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். பயன்படுத்தியவரின் பேச்சு தனியாகத் தெரியும்.

அழைப்பு அனுப்பியவரிடம், யார் யார் நேர்காணல் செய்வார்கள், எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், எழுத்துத் தேர்வோ செய்முறைத் தேர்வோ உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. புதியவர்கள் தயங்கிக் கேட்காமல் விடும் மிக எளிய உதவி இது.

அநேகமாக வந்தே தீரும் கேள்விகள்

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.' இதற்கு 60 முதல் 90 விநாடி. பிறந்த ஊர், பெற்றோர் தொழில், பொழுதுபோக்கு என்று தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கேட்பவர் விரும்புவது வேலை சம்பந்தமான அறிமுகம். இப்போது என்ன செய்கிறீர்கள் அல்லது படித்து முடித்தீர்கள், இந்த வேலைக்குத் தொடர்புள்ள ஒன்றிரண்டு விஷயங்கள், ஏன் இந்தப் பணி என்ற வரிசை போதும். கடைசி வாக்கியம் இந்தப் பணியில் வந்து நிற்கட்டும். அடுத்த கேள்வி அங்கிருந்து வரும், அது நீங்கள் தயார் செய்த இடமாக இருக்கும்.

'ஏன் இப்போதைய வேலையை விடுகிறீர்கள்?' பழைய மேலதிகாரியைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாதீர்கள், அது முழுக்க உண்மையாக இருந்தாலும். நாளை தம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்றே கேட்பவருக்குத் தோன்றும். அங்கே கிடைக்காத, இங்கே கிடைக்கும் ஒரு பணி அனுபவத்தைச் சொல்லுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலோ இடையில் ஓராண்டு வேலை இல்லாமல் இருந்தாலோ, இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள், இப்போது ஏன் தயார் என்பதற்குப் போய்விடுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் சந்தேகம்தான் வளரும்.

'உங்கள் பலவீனம் என்ன?' 'எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்' என்ற பதிலை அவர்கள் சலிக்கச் சலிக்கக் கேட்டிருப்பார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் பணியின் உயிர்நாடியாக உள்ள திறன் வேண்டாம். கணக்காளர் பணிக்குப் போய் எண்களில் கவனம் சிதறும் என்று சொல்ல முடியாது. 'கூட்டத்தில் பேசத் தயங்குவேன். இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு போகிறேன்' என்பது போல, குறையும் அதற்கு நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் ஏற்பாடும் சேர்ந்து வர வேண்டும்.

சம்பளம். முதல் சுற்றிலேயே கேட்டால், 'பொறுப்புகளை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன், இந்தப் பணிக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன?' என்று திருப்பிக் கேட்கலாம். மறுபடி வற்புறுத்தினால் ஒரு வரம்பைச் சொல்லிவிடுங்கள், இழுத்தடிக்க வேண்டாம். அந்த வரம்பின் கீழ் எண், நீங்கள் உண்மையில் ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடக்கூடும். இதே பணிக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று முன்பே விசாரித்து வையுங்கள். அவர்கள் சொல்லும் எண் மொத்தச் சம்பளமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதா என்று அந்த இடத்திலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் ஏமாந்துபோகும் புதியவர்கள் நிறைய. நோட்டீஸ் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள், எவ்வளவு என்பதையும் உங்கள் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வரும். வாயைத் திறந்தால் வராது. படிப்பது வேறு பயிற்சி, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு பயிற்சி. நேர்காணலில் வேண்டியது இரண்டாவது. அதனால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஐந்தே குறிப்புச் சொற்களைச் சின்ன அட்டையில் எழுதிக்கொண்டு, முழு வாக்கியங்களை மூடிவைத்துவிட்டு, போனில் பதிவு செய்தபடி பேசுங்கள். வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் தவறினாலும் மொத்தமும் நின்றுவிடும். குறிப்புச் சொல்லை வைத்துப் பேசினால் ஒவ்வொரு முறையும் வார்த்தை மாறும், விஷயம் மாறாது.

பதிவைக் கேட்கும்போது நான்கைக் கவனியுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டுகிறதா? 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'அதாவது வந்து' எத்தனை முறை வருகிறது? விளைவைச் சொன்னீர்களா, அல்லது பாதியில் நின்றீர்களா? கேள்விக்குத்தான் பதில் சொன்னீர்களா, அல்லது உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னீர்களா? நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால் இந்தப் பயிற்சி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். தமிழில் யோசித்து அந்த நேரத்தில் மொழிபெயர்க்க முயன்றால் எளிய சொற்களும் நாக்கில் நிற்காது. இலக்கணம் பிசகாத நீண்ட வாக்கியத்தைவிடத் தெளிவான குறுகிய வாக்கியம் நல்லது.

கடைசியாக ஒருவரை உட்கார வைத்து முழு ஒத்திகை பாருங்கள். அந்தத் துறை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?', 'வேறு வழி யோசித்தீர்களா?' என்று துருவிக் கேட்பவராக இருந்தால் போதும்.

தொலைபேசி, வீடியோ, நேரில்

தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இருபது முப்பது நிமிட முதல்கட்ட வடிகட்டல். ரெஸ்யூம், விளம்பரம், பேனா மூன்றும் முன்னால் இருக்கட்டும். சந்தடியில் இருக்கும்போது திடீரென அழைத்தால், 'அரை மணி நேரம் கழித்துப் பேசலாமா?' என்று கேட்பது தவறில்லை.

வீடியோவில் கெடுவது பெரும்பாலும் பதில் அல்ல, ஏற்பாடு. முந்தைய நாளே அதே இடத்தில், அதே நேரத்தில், அதே கணினியில் ஒருவரை அழைத்துச் சோதியுங்கள். காலையில் நன்றாக இருக்கும் வெளிச்சம் மாலையில் முகத்தை இருட்டாக்கலாம். ஜன்னலோ விளக்கோ உங்களுக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் கூடாது. கேமரா கண் மட்டத்தில் வர, மடிக்கணினியின் கீழே புத்தகங்களை அடுக்குங்கள். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள். ஒயர் உள்ள ஹெட்போன் நம்பகமானது, பாதியில் சார்ஜ் தீராது. அறிவிப்புகளை அணையுங்கள், மென்பொருள் அப்டேட்டை முந்தைய நாளே முடியுங்கள், திரையில் தெரியும் பெயர் உங்கள் முழுப்பெயரா என்று பாருங்கள். இணையம் போனால் பயன்படுத்த போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும், அழைப்பவரின் எண்ணும் தாளில் எழுதியிருக்கட்டும். வேறு நாட்டு நிறுவனம் என்றால் நேர வித்தியாசத்தை இருமுறை சரிபாருங்கள். கேமரா அருகில் ஒரு சின்ன அட்டை ஒட்டலாம். முழுப் பதிலையும் எழுதி வைத்துப் படித்தால் கண் அசைவே காட்டிக்கொடுத்துவிடும்.

நேரில் போவதென்றால், கட்டடத்தை இருபது நிமிடம் முன்பும் வரவேற்பறையைப் பத்து நிமிடம் முன்பும் அடைவது சரியான கணக்கு. அரை மணி நேரம் முன்பே போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம். புகைப்பட அடையாள அட்டை, ரெஸ்யூம் மூன்று பிரதி, கேட்டிருந்தால் சான்றிதழ்களின் அசலும் நகலும், பேனா, குறிப்பேடு. உடை சுத்தமாக, மடிப்புக் கலையாமல், அந்த இடத்தில் வேலை செய்பவர்களைவிட ஒரு படி கூடுதல் நேர்த்தியாக இருந்தால் போதும். புதுச் செருப்பையோ ஷூவையோ அன்றுதான் முதலில் போடாதீர்கள்.

உள்ளே போன பிறகு

படபடப்பு வரும். அதை அடக்கப் போராடுவது பலருக்கு உதவுவதில்லை. 2014-இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் வேகமாகத் துடிப்பது இரண்டு மனநிலைக்கும் பொதுதான், பெயரை மாற்றுவது எளிது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டித்து நான்கைந்து முறை செய்யுங்கள். அறிமுகப் பதில் நன்றாகப் பழகியிருந்தால் முதல் இரண்டு நிமிடம் தானாகவே ஓடும், அதற்குள் குரல் நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி புரியவில்லை என்றால் ஊகித்துப் பேசாதீர்கள், 'இதைத்தான் கேட்கிறீர்களா?' என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'ஒரு நிமிடம் யோசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஐந்து பத்து விநாடி மௌனமாக இருக்கலாம். உங்களுக்கு அது யுகமாகத் தோன்றும், எதிரே இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. பலர் கொண்ட குழுவாக இருந்தால், கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, நடுவில் மற்றவர்களையும் பார்த்து, கேட்டவரிடமே முடியுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால்? 'இது எனக்குத் தெரியாது. இதற்கு நெருக்கமான இன்னது தெரியும், இதை நான் இப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன்' என்ற வடிவம் நல்லது. தொழில்நுட்பக் கேள்வியில் யோசிப்பதைச் சத்தமாகவே யோசியுங்கள். விடை தவறினாலும் வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கிடைக்கும், அவர்களே ஒரு குறிப்பும் கொடுப்பார்கள். குறிப்பு கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், பழைய வழியிலேயே முட்டிக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்ததுபோல் நடிப்பது மட்டும் வேண்டாம். துறை தெரிந்தவர் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார், அதன்பின் நீங்கள் சொன்ன சரியான பதில்கள் மீதும் நம்பிக்கை போய்விடும்.

திருமணம், குழந்தை, மதம் போன்ற சொந்த விஷயங்களைக் கேட்டால், பல நாடுகளில் அப்படிக் கேட்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சண்டை பிடிக்காமலே, 'இந்தப் பணியின் நேரத்துக்கும் பயணத்துக்கும் என்னால் வர முடியுமா என்று கேட்கிறீர்கள் என்றால், வர முடியும்' என்று வேலையின் பக்கம் திருப்பிவிடலாம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றால் 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடாதீர்கள். நான்கைந்து கேள்வி எழுதிக்கொண்டு போங்கள், பேச்சின் நடுவில் இரண்டுக்குப் பதில் வந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? இந்த இடம் ஏன் காலியானது, புதிய பணியிடமா? வேலை நன்றாக நடக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? இந்தக் குழுவுக்கு இப்போது பெரிய சிக்கல் எது? அடுத்த கட்டம் என்ன, எப்போது தெரியும்? கடைசிக் கேள்வியை மட்டும் மறக்கவே வேண்டாம். அந்தத் தேதி தெரிந்தால்தான் பிறகு எப்போது விசாரிப்பது என்று தெரியும்.

வெளியே வந்த பிறகு

ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள். எந்தப் பதிலில் தடுமாறினீர்கள், எந்தச் சம்பவத்துக்கு அவர்கள் ஆர்வமாக மேலும் கேட்டார்கள் என்பதையும் குறியுங்கள். அடுத்த சுற்றில் வேறொருவர் அதையே வேறு விதமாகக் கேட்கக்கூடும்.

24 மணி நேரத்துக்குள் ஐந்தாறு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசியதில் உங்களுக்கு ஆர்வம் தந்த குறிப்பிட்ட ஒரு விஷயம், முழுமையாகச் சொல்லாமல் விட்ட ஏதாவது இருந்தால் அது ஒரே வரியில். பெயரையும் நிறுவனப் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் பாருங்கள். அவர்கள் சொன்ன தேதி கடந்து இரண்டு மூன்று வேலைநாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை விசாரிக்கலாம், ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. அதற்கு மேல் துரத்த வேண்டாம், மற்ற விண்ணப்பங்களைப் பாருங்கள். பதில் வரும்வரை மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

தேர்வாகவில்லை என்று பதில் வந்தால், எதில் மேம்பட வேண்டும் என்று ஒரு வரியில் பணிவாகக் கேளுங்கள். எல்லோரும் பதில் தருவதில்லை, தருகிறவர்களின் ஒரு வாக்கியம் அடுத்த தயாரிப்பில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தேர்வாகிவிட்டால், ஆஃபர் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். அதில் பதவிப் பெயர், சம்பளப் பிரிப்பு, பணியிடம், சேரும் தேதி, சோதனைக் காலம், நோட்டீஸ் காலம், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் ஏதும் உண்டா என்பதைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் சொன்ன ஏதாவது கடிதத்தில் இல்லையென்றால், சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கான முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், வங்கிக் கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டாலும், அது மோசடி என்றே எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.